தலப்படத்தைப் படிப்பது எப்படி? சிங்கப்பூரில் நடக்கிறவர்கள் கேட்கும் கேள்விகள்

வார இறுதியில் மெக்ரிட்சி, புக்கிட் தீமா என்று கிளம்புகிறவர்கள், ஜொகூர் மலைகளில் ஏறத் தொடங்கியிருப்பவர்கள், பிள்ளையைத் தேசிய சேவைக்கு அனுப்பவிருக்கும் பெற்றோர், புவியியல் பாடத்தில் மேப் கேள்வி வந்தாலே தயங்கும் மாணவர்கள் ஆகியோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். வரிசையாகப் படித்தாக வேண்டும் என்றில்லை. சம உயரக் கோடு பற்றிய பதிலை மட்டும் தாண்டிப் போய்விடாதீர்கள். மற்றதெல்லாம் அதன்மேல்தான் நிற்கிறது.

தலப்படம் என்றால் என்ன? கையில் இருக்கும் போன் மேப் போதாதா?

சாலை மேப் எந்தச் சந்தில் திரும்ப வேண்டும் என்று சொல்லும். அந்தச் சந்து மேட்டில் ஏறுகிறதா, பள்ளத்தில் இறங்குகிறதா என்று சொல்லாது. தலப்படம் அதைச் சொல்லும். தரையின் ஏற்ற இறக்கம், ஓடை, சதுப்பு, காடு, பாறைச்சரிவு, கட்டடம், பாதை எல்லாம் ஒரே தாளில், ஒரே அளவில் இருக்கும். மலையில் நடக்கிறவருக்குத் தேவைப்படும் முதல் தகவல் உயரம். இரண்டு கிலோமீட்டர் சமதரை அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அதே இரண்டு கிலோமீட்டர் செங்குத்தான ஏற்றமாக இருந்தால் அரை நாளைத் தின்றுவிடும்.

நிறங்களை ஒருமுறை மனதில் வாங்கிக்கொண்டால் போதும். பழுப்பு என்றால் நில உயரம், நீலம் என்றால் நீர், பச்சை என்றால் மரம் செடி, கறுப்பு என்றால் மனிதர் கட்டியது, சிவப்பு என்றால் பெரும்பாலும் முக்கியச் சாலை. நாட்டுக்கு நாடு சின்னச் சின்ன வேறுபாடு உண்டு. அதனால் தாளின் ஓரத்தில் உள்ள குறி விளக்கத்தைப் பார்க்காமல் எந்தத் தலப்படத்தையும் மடித்துப் பையில் வைக்காதீர்கள்.

சம உயரக் கோடுகளை எப்படிப் படிப்பது?

கடல்மட்டத்திலிருந்து ஒரே உயரத்தில் உள்ள இடங்களை எல்லாம் சேர்த்து இழுத்த கோடு அது. 50 மீட்டர் கோட்டின் மேலேயே நடந்தால் ஏறவும் மாட்டீர்கள், இறங்கவும் மாட்டீர்கள். அடுத்த கோட்டைத் தொட்டால் ஒரு படி ஏறிவிட்டீர்கள், அல்லது இறங்கிவிட்டீர்கள். அந்தப் படி எவ்வளவு என்பது ஓரத்தில் எழுதியிருக்கும். 5 மீட்டராக இருக்கலாம், 10 ஆக இருக்கலாம், 20 ஆகவும் இருக்கலாம். வழக்கமாக ஐந்தில் ஒரு கோடு தடிப்பாக இருக்கும், உயரத்தின் எண்ணும் அதில்தான் இருக்கும்.

கோடுகள் நெருங்கி வந்தால் செங்குத்து, விலகிப் போனால் மெல்லிய சரிவு. இதை எல்லோரும் ஒரு நிமிடத்தில் பிடித்துக்கொள்கிறார்கள். கணக்காகவும் பார்த்துவிடுவோம். 1:25,000 மேப்பில் 1 செ.மீ. என்பது தரையில் 250 மீட்டர். அந்த 1 செ.மீ.க்குள் 50 மீட்டர் உயர்ந்தால் ஐந்துக்கு ஒன்று, அதாவது 20 விழுக்காடு சரிவு. மூச்சு வாங்கும். அதே 50 மீட்டர் உயர்வு 4 செ.மீ. தூரத்துக்குப் பரவியிருந்தால் 5 விழுக்காடுதான். பேசிக்கொண்டே நடக்கலாம்.

அடுத்தது வடிவம். பழகப் பழகத்தான் இது கண்ணில் படும். ஒன்றுக்குள் ஒன்றாக மூடிய வளையங்கள் இருந்தால் குன்று. கோடுகள் வரிசையாக ஒரே பக்கம் கூர்ந்து மடிந்திருந்தால் அது ஓடைப்பள்ளமாக இருக்கலாம், மலையிலிருந்து நீண்டிறங்கும் முகடாகவும் இருக்கலாம். இரண்டையும் பிரித்தறிய ஒரு வழி உண்டு. மடிப்பின் கூர்முனை உயரமான பக்கத்தைக் காட்டினால் பள்ளம், தாழ்ந்த பக்கத்தைக் காட்டினால் முகடு. வழி தவறுகிறவர்களில் பலர் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள். முகட்டில் இறங்குவதாக நினைத்துக்கொண்டு ஓடைக்குள் இறங்கிவிடுகிறார்கள்.

நம் தீவிலேயே இதற்கு நல்ல பயிற்சிக்களம் இருக்கிறது. மெக்ரிட்சியின் மர உச்சி நடைபாலம் 250 மீட்டர் நீளம். அங்குள்ள இரண்டு உயரமான மேடுகளை, புக்கிட் பியர்சையும் புக்கிட் காலாங்கையும் அது இணைக்கிறது. பாலத்திலிருந்து காட்டுத்தரை ஆழமான இடத்தில் 25 மீட்டர் கீழே இருக்கிறது. மேப்பில் இது எதிரெதிரே இரண்டு மூடிய வளையங்களாகவும் நடுவே ஒரு தாழ்ந்த கழுத்தாகவும் தெரிய வேண்டும். கோட்டு இடைவெளி 10 மீட்டர் என்றால் அந்தப் பள்ளத்தில் இரண்டு மூன்று கோடுகள் விழும். 20 மீட்டர் என்றால் ஒன்றோ இரண்டோ கோடுதான் விழும். பள்ளம் இருப்பதே சட்டென்று கண்ணில் படாது. 15 மீட்டர் மேடு ஒன்று இரண்டு கோடுகளுக்கு நடுவே முழுதாக ஒளிந்துகொள்ளவும் முடியும். மேப்பில் கோடே இல்லாத இடம் தட்டையான இடம் என்று முடிவு கட்டாதீர்கள். இடைவெளி எவ்வளவு என்று முதலில் பாருங்கள்.

புக்கிட் தீமாவில் வேறொரு பாடம் கிடைக்கும். அந்தக் கருங்கல் குன்றின் ஓரங்களை ஒரு காலத்தில் கல்குவாரிகளுக்காக வெட்டி எடுத்தார்கள். ஹிண்ட்ஹீட் குவாரிக் குளத்தின் முன் நின்று எதிரே உள்ள பாறைச் சுவரைப் பாருங்கள். மேப்பில் அங்கே கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிப் போயிருக்கும், அல்லது பாறைச் சரிவுக்கான தனிக் குறி போட்டிருப்பார்கள். உட்பக்கம் சின்னச் சின்னப் பற்கள் வைத்த மூடிய வளையத்தைக் கண்டால் அது குன்று இல்லை, பள்ளம். அந்தப் பற்களைக் கவனிக்காதவர் குவாரிப் பள்ளத்தையே மலையென்று படித்துவிடுவார்.

1:50,000, 1:25,000 என்று போட்டிருக்கிறதே?

மேப்பில் 1 என்றால் தரையில் 50,000, அவ்வளவுதான். 1:50,000 மேப்பில் 2 செ.மீ. ஒரு கிலோமீட்டர். 1:25,000 மேப்பில் 4 செ.மீ. ஒரு கிலோமீட்டர். பின்னால் உள்ள எண் சிறிதாக ஆக விவரம் கூடும், தாளில் அடங்கும் பரப்பு குறையும்.

வளைந்து செல்லும் பாதையை நேர் ஸ்கேலால் அளக்காதீர்கள், ஒரு நூல் போதும். தைப்பூச ஊர்வலப் பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். சிராங்கூன் சாலை ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில் வரை நூலைப் பாதையோடு வளைத்து வைத்து, பிறகு நிமிர்த்தி அளந்தால் 1:50,000 மேப்பில் 6 செ.மீ.க்குச் சற்று மேல் வரும். அதாவது மூன்று கிலோமீட்டருக்குச் சற்று அதிகம்.

அளந்த கையோடு உயரத்தையும் பாருங்கள். சிலிகி சாலையில் போகும்போது வலப்பக்கம் மவுண்ட் எமிலியும் மவுண்ட் சோஃபியாவும், டோபி காட்டைத் தாண்டினால் இடப்பக்கம் ஃபோர்ட் கேனிங் குன்றும் நிற்கின்றன. காவடி தூக்கிப் போகும் கூட்டம் எந்தக் குன்றிலும் ஏறாமல் அவற்றின் அடிவாரத்தை ஒட்டியே போகிறது. வருடாவருடம் நடந்தவர்களில்கூடப் பலர் இதைக் கவனித்ததில்லை. கோடுகளோடு பார்த்தால்தான் தெரிகிறது.

சிங்கப்பூரே தட்டையான ஊர். இங்கே இதைக் கற்று என்ன பயன்?

இதுதான் அதிகம் கேட்கப்படும் கேள்வி. எனக்கு இதில் உறுதியான கருத்து உண்டு. இந்த ஊர் தட்டையானது இல்லை. நாம் மின்தூக்கியிலும் எம்ஆர்டியிலும் போய் வருவதால் தட்டையாகத் தெரிகிறது. ஆர்ச்சர்ட் சாலையைச் சுற்றியுள்ள பெயர்களைச் சொல்லிப் பாருங்கள்: கெய்ர்ன்ஹில், எமரால்ட் ஹில், மவுண்ட் எலிசபெத். அத்தனையும் மேடுகள். ஆர்ச்சர்ட் சாலை அவற்றின் அடிவாரத்தில் கிடக்கும் பள்ளத்தாக்கு. ஸ்டாம்ஃபர்ட் கால்வாய் அந்தச் சாலைக்குக் கீழேயே ஓடுகிறது. 2010 ஜூனில் அங்கே வெள்ளம் புகுந்தபோது பலருக்கு வியப்பாக இருந்தது. சம உயரக் கோடுகளைப் பார்த்தவருக்கு, சுற்றுமேடுகளில் பெய்யும் மழை எங்கே போய்ச் சேரும் என்று சொல்லித் தர வேண்டியதில்லை.

கடல்மட்டம் உயர்கிறது என்ற பேச்சும் இதே கோடுகளில்தான் வந்து நிற்கிறது. தீவின் நிலத்தில் ஏறத்தாழ 30 விழுக்காடு சராசரிக் கடல்மட்டத்திலிருந்து 5 மீட்டருக்குள்தான் இருக்கிறது. புதிதாகக் கடலைத் தூர்த்து எழுப்பும் நிலம் குறைந்தது 4 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும் என்று 2011ல் விதியை உயர்த்தினார்கள். அதற்கு முன் அது 3 மீட்டர். சாங்கி விமான நிலையத்தின் ஐந்தாம் முனையம் 5.5 மீட்டர் உயரத்தில் அமைகிறது. இந்த எண்கள் செய்தியில் வரும்போது வெறும் எண்களாகக் கடந்து போகின்றன. உங்கள் வீவக புளோக் எந்தக் கோட்டுக்குள் இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிட்டால் அப்படிக் கடந்துபோக முடியாது.

நடக்கிறவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. நம் உயரமான இடமான புக்கிட் தீமா 163.63 மீட்டர்தான், உச்சியில் உள்ள கல்லிலேயே பொறித்திருக்கிறார்கள். இவ்வளவு சின்னக் குன்றில் மேப்பைப் பார்த்துப் பார்த்து ஏறிப் பழகினால், தவறினாலும் சிறிது நேரத்தில் சாலைக்கு வந்துவிடலாம். ஜொகூரின் குனோங் லேடாங் 1,276 மீட்டர், சபாவின் கினபாலு 4,095 மீட்டர். அங்கே போய்த்தான் மேப் படிக்கத் தொடங்குவேன் என்பது சரியான முடிவு இல்லை.

ஆறு இலக்கக் கட்டக் குறியீடு என்கிறார்களே, அதை எப்படி எடுப்பது?

மேப்பில் மேலும் கீழும், குறுக்கும் நெடுக்குமாக ஓடும் மெல்லிய கோடுகள் ஒரு கிலோமீட்டர் கட்டங்களை உண்டாக்குகின்றன. முதலில் கிழக்கு நோக்கி, அதாவது இடமிருந்து வலமாக எண்ணுங்கள். பிறகு கீழிருந்து மேலாக எண்ணுங்கள். இந்த வரிசை மாறவே கூடாது.

உங்கள் இடம் உள்ள கட்டத்தின் இடக்கோடு 34, அடிக்கோடு 52 என்று வையுங்கள். கட்டத்தை மனதில் பத்தாகப் பிரியுங்கள். வலப்பக்கம் ஆறு பங்கு, மேலே மூன்று பங்கு தள்ளி நிற்கிறீர்கள் என்றால் குறியீடு 346523. இது உங்களை 100 மீட்டர் சதுரத்துக்குள் கொண்டு வந்துவிடும். இரண்டு திசைக்கும் இன்னும் ஓர் இலக்கம் கூட்டி எட்டாக்கினால் 10 மீட்டர். மேலே போய்விட்டு வலப்பக்கம் போனால் 523346 என்று வரும். அது முற்றிலும் வேறு ஓர் இடம், ஒருவேளை கடலுக்குள்கூட இருக்கலாம். தேசிய சேவைக்குப் போகவிருக்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: தூக்கக் கலக்கத்திலும் வரிசை பிசகாத அளவுக்கு இதைப் பழகிக்கொண்டு போங்கள்.

ஒன்மேப்பில் வரும் எண்ணும் போனில் வரும் எண்ணும் ஏன் பொருந்தவில்லை?

ஒரே இடத்துக்கு மூன்று விதமான முகவரிகள் புழங்குகின்றன. போனின் ஜிபிஎஸ் தருவது அட்சரேகை, தீர்க்கரேகை. சிங்கப்பூர் நில ஆணையத்தின் ஒன்மேப் உள்ளிட்ட உள்ளூர் நில அளவைக்கு அடிப்படை எஸ்விஒய்21 என்ற கட்ட முறை. உலகம் முழுவதையும் 60 மண்டலங்களாகப் பிரிக்கும் யூடிஎம் முறையில் நாம் 48ஆம் வடக்கு மண்டலத்தில் இருக்கிறோம்.

எஸ்விஒய்21க்குத் தீவின் நடுவே 1°22′ வடக்கு, 103°50′ கிழக்கு என்ற புள்ளி ஆதாரம். அந்தப் புள்ளிக்குச் சுழியம் என்று பெயர் வைக்காமல் கிழக்கு 28,001.642 மீட்டர், வடக்கு 38,744.572 மீட்டர் என்று வைத்திருக்கிறார்கள். அதனால் தீவின் மேற்கிலும் தெற்கிலும் உள்ள இடங்களுக்குக்கூட எதிர்மறை எண் வராது. யூடிஎம்மில் அதே இடத்தின் கிழக்கு எண் 3,70,000 மீட்டரை ஒட்டி வரும். எண்கள் இவ்வளவு விலகியிருப்பதைக் கண்டு மேப் தவறு என்று எண்ண வேண்டாம். ஒருவரிடம் இடத்தைச் சொல்லும்போது எந்த முறை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அட்சரேகை, தீர்க்கரேகை பற்றி ஒரு குறிப்பு. நாம் நிலநடுக்கோட்டை ஒட்டி இருப்பதால் இரண்டு திசையிலும் ஒரு டிகிரி சுமார் 111 கிலோமீட்டர்தான். எனவே புள்ளிக்குப் பின் நான்கு இலக்கம் சொன்னால் ஏறத்தாழ 11 மீட்டர் துல்லியம் கிடைக்கும்.

திசைகாட்டி எதற்கு? வடக்கு எது என்பதில் ஏன் இவ்வளவு குழப்பம்?

மூன்று வடக்குகள் இருக்கின்றன: பூமியின் துருவத்தைக் காட்டும் உண்மை வடக்கு, மேப்பின் கட்டக்கோடு காட்டும் வடக்கு, காந்த முள் காட்டும் வடக்கு. சிங்கப்பூரில் நமக்கு ஒரு கொடுப்பினை, மூன்றும் கிட்டத்தட்ட ஒன்றாகவே விழுகின்றன. உண்மை வடக்கிலிருந்து காந்த முள் விலகி நிற்கும் கோணம், அதாவது காந்த விலக்கம், இங்கே ஒரு டிகிரிக்கும் குறைவு. அதனால் இங்கே பழகியவர்கள் விலக்கம் என்ற ஒன்று இருப்பதையே மறந்துவிடுகிறார்கள். விடுமுறைக்கு நியூசிலாந்து மலைகளுக்குப் போனால் அங்கே விலக்கம் சுமார் 20 முதல் 25 டிகிரி கிழக்கு. அதைத் திருத்தாமல் ஒரு கிலோமீட்டர் நடந்தால் சேர வேண்டிய இடத்திலிருந்து 300 மீட்டருக்கும் மேல் விலகிப் போய்விடுவீர்கள். காட்டில் 300 மீட்டர் என்பது வேறொரு பள்ளத்தாக்கு. போகும் நாட்டுத் தலப்படத்தின் ஓரத்தில் விலக்கம் எவ்வளவு என்று எழுதியிருக்கும். அதைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

காந்தப்புலத்துக்கும் தமிழ்நாட்டுத் தென்கோடிக்கும் ஒரு நெருக்கம் உண்டு. காந்த முள் கீழேயும் சாயாமல் மேலேயும் தூக்காமல் படுக்கையாகவே நிற்கும் காந்த நடுக்கோடு திருநெல்வேலி, திருவனந்தபுரம் வட்டாரத்தை ஒட்டித்தான் போகிறது. 1963ல் இந்திய மண்ணிலிருந்து முதல் ராக்கெட்டை ஏவத் திருவனந்தபுரம் அருகே உள்ள தும்பாவைத் தேர்ந்தெடுத்ததற்கு அதுவே முக்கியக் காரணம்.

நம் ராணுவத்தில் திசையை டிகிரியில் சொல்வதில்லை, மில்லில் சொல்வார்கள். முழு வட்டத்துக்கு 6,400 மில். அப்படியென்றால் 90 டிகிரி 1,600 மில், ஒரு டிகிரி 18 மில்லுக்குச் சற்றுக் குறைவு. ஆயிரம் மீட்டர் தொலைவில் ஒரு மில் ஏறத்தாழ ஒரு மீட்டர் அகலம். தூரமும் விலகலும் கணக்குப் போட இவ்வளவு வசதி டிகிரியில் கிடைக்காது.

திசைகாட்டியைப் போன், இரும்புக் கைப்பிடி, கார் ஆகியவற்றுக்கு அருகில் வைத்துப் பார்க்காதீர்கள். வீட்டுக்குள்ளும் வேண்டாம், சுவரில் இருக்கும் கம்பிகள் முள்ளை இழுக்கும்.

ஜிபிஎஸ் இருக்கும்போது இவ்வளவும் வேண்டுமா?

போனைக் கொண்டு போங்கள். நானும் கொண்டு போகிறேன். நீங்கள் இருக்கும் இடத்தை அது சொல்லும், அந்த இடத்திலிருந்து எந்தப் பக்கம் இறங்கினால் பாறை, எந்தப் பக்கம் இறங்கினால் ஓடை என்பதைத் தரையின் வடிவம் தெரிந்தவர்தான் சொல்ல முடியும். அடர்ந்த மழைக்காட்டில் ஜிபிஎஸ் புள்ளி தடுமாறும். மழையில் திரை நனைந்தால் விரலுக்குக் கட்டுப்படாது. மின்கலம் தீரும். எல்லை தாண்டிய மலையில் சிக்னல் பல இடங்களில் கிடையாது, முன்கூட்டியே இறக்கி வைக்காத மேப் திறக்காது.

உயரத்திலும் ஒரு நுட்பம் இருக்கிறது. ஜிபிஎஸ் கணக்கிடுவது பூமியின் கணித வடிவத்திலிருந்து உள்ள உயரம். மேப்பில் போட்டிருப்பது கடல்மட்டத்திலிருந்து உள்ள உயரம். சிங்கப்பூரில் இரண்டுக்கும் வித்தியாசம் சில மீட்டர்தான். கன்னியாகுமரிப் பக்கம் அது 90 மீட்டரைத் தாண்டும், ஏனென்றால் இந்தியப் பெருங்கடலின் அந்தப் பகுதியில் ஈர்ப்பு விசை குறைந்து கடல்மட்டமே தாழ்ந்து கிடக்கிறது. நல்ல செயலிகள் தாமாகவே இதைத் திருத்திக் காட்டும், திருத்தாதவையும் உண்டு.

இலவசத் தலப்படம் எங்கே கிடைக்கும்?

சிங்கப்பூருக்கு ஒன்மேப் முதல் இடம். கட்டடம், சாலை, நில விவரம் எல்லாம் அரசாங்கத் தரவு. சம உயரக் கோட்டோடு பார்க்க ஓப்பன்டோப்போமேப் என்ற தளம் உலகம் முழுவதற்கும் இலவசமாக இருக்கிறது. பயிற்சிக்கு இதையே பரிந்துரைக்கிறேன். ஆனால் அதன் கோடுகள் எங்கிருந்து வந்தவை என்பது தெரிந்திருக்க வேண்டும். 2000 பிப்ரவரியில் எண்டவர் விண்ணோடம் 11 நாள் பயணத்தில் ரேடார் கொண்டு பூமியின் பெரும்பகுதியை அளந்தது, கோடுகளுக்கு அடிப்படை அந்தத் தரவுதான். ரேடார் அலை அடர்ந்த காட்டில் தரையைத் தொடுவதற்கு முன் மர உச்சியிலேயே பட்டுத் திரும்பும். எனவே புக்கிட் தீமா காட்டிலும் நீர்ப்பிடிப்புப் பகுதியிலும் காட்டும் உயரத்தில் மரத்தின் உயரமும் கலந்திருக்கும். உயர்ந்த கட்டடங்கள் நெருங்கிய பேட்டைகளிலும் இதே கதை, இல்லாத மேடு ஒன்று மேப்பில் முளைத்திருக்கும். 2000க்குப் பிறகு துவாஸ் பக்கம் தூர்த்த நிலம் அந்தத் தரவில் இன்னும் கடல்தான்.

இந்தியாவில் மலையேறப் போகிறவர்களுக்கு இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 தலப்படங்கள் இருக்கின்றன. 2017 முதல் அவற்றை இணையத்திலேயே வெளியிட்டு வருகிறார்கள். நாட்டை முக்கோணம் முக்கோணமாகப் பிரித்து அளந்த அந்தத் துறையின் பெரும் முக்கோண அளவை 1802ல் சென்னைப் பரங்கிமலை அருகே வில்லியம் லாம்ப்டன் இழுத்த அடிக்கோட்டிலிருந்து தொடங்கி இமயம் வரை போனது. வழியில், 1808ல், அரை டன் எடையுள்ள அளவைக் கருவியைத் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் ஏற்றும்போது கயிறு அறுந்து கருவி சுவரில் மோதி நசுங்கியது. லாம்ப்டன் உட்கார்ந்து அதைத் தம் கையாலேயே சீர்செய்தார். சமவெளியில் தொலைதூரம் பார்க்க அவருக்குக் கிடைத்த உயரம் நம் கோயில்கள்தாம்.

பழைய மேப்புகளைப் பார்ப்பதில் ஏதாவது பயன் உண்டா?

நிறைய உண்டு. எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் இதுதான். தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையத்தளத்தில் பழைய நில அளவை மேப்புகளைப் பார்க்கலாம். தெலுக் ஆயர் தெருவைத் தேடி எடுங்கள். 1820களின் இறுதியில் கட்டத் தொடங்கிய நாகூர் தர்காவும், குச்சுப் பள்ளி என்று நம்மவர்கள் அழைத்த அல் அப்ரார் பள்ளிவாசலும் கடற்கரையை ஒட்டி நிற்கும். கப்பலிலிருந்து இறங்கிய தமிழ் முஸ்லிம்கள் கரையேறியதும் தொழுத இடங்கள் அவை. இன்று அங்கிருந்து கடலுக்குப் போக வேண்டுமானால் எத்தனையோ வானளாவிகளைத் தாண்ட வேண்டும். 1880களில் அருகிலிருந்த மவுண்ட் வாலிச் என்ற குன்றை வெட்டி அந்த மண்ணைக் கொண்டே தெலுக் ஆயர் குடாவைத் தூர்த்தார்கள். பழைய மேப்பில் குன்றின் வளையங்களும் குடாவின் வளைவும் இருக்கும். புதிய மேப்பில் இரண்டும் இல்லை. சுதந்திரம் பெற்றபோது சுமார் 580 சதுர கிலோமீட்டராக இருந்த நாடு இன்று 730ஐத் தாண்டியிருக்கிறது.

சிராங்கூன் சாலையையும் இப்படியே பாருங்கள். ரோச்சோர் ஆற்றை ஒட்டிய தாழ்ந்த, ஈரமான, புல் வளர்ந்த நிலம். மாட்டுத் தொழிலுக்குத் தண்ணீரும் தீவனமும் கிடைத்தன. நம்மவர்கள் அங்கே கொட்டில் போட்டுக் குடியேறியதற்கான காரணத்தை மேப்பிலேயே படிக்கலாம். பஃப்ளோ ரோடு, கண்டாங் கெர்பாவ் (மலாயில் எருமைக் கொட்டில்) என்ற பெயர்கள் இன்றைக்கும் நிற்கின்றன.

மலை ஏற எவ்வளவு நேரம் ஆகும் என்று மேப்பை வைத்துச் சொல்ல முடியுமா?

முடியும். 1892ல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி சொன்ன கணக்கு இன்றும் பயன்படுகிறது. ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். 5 கிலோமீட்டர் தூரம், 900 மீட்டர் ஏற்றம் என்றால் ஒன்றும் ஒன்றரையும் சேர்ந்து இரண்டரை மணி நேரம். ஏற்றத்தைக் கண்டுபிடிக்கப் பாதை கடக்கும் கோடுகளை எண்ணி இடைவெளியால் பெருக்குங்கள். நடுவே இறங்கி மீண்டும் ஏறினால் அந்த ஏற்றத்தையும் சேர்க்க வேண்டும். பலர் அடிவாரத்தையும் உச்சியையும் மட்டும் கழித்துவிட்டு ஏமாறுகிறார்கள்.

நெய்ஸ்மித் குளிர்ந்த ஸ்காட்லாந்துக்குச் சொன்னார். நம் வெப்பத்துக்கும் ஈரப்பதத்துக்கும், வேர்களும் கயிற்றுப் பிடியும் ஏணியும் உள்ள குனோங் லேடாங் போன்ற பாதைக்கும், வரும் விடையை இரண்டால் பெருக்கிவிடுங்கள். அதிகமாகத் தோன்றலாம். காட்டுக்குள் ஏழு மணிக்கெல்லாம் இருட்டிவிடும் என்பதை வைத்துக் கிளம்பும் நேரத்தை முடிவு செய்யுங்கள்.

பிள்ளைகளுக்கு எந்த வயதில், எப்படிச் சொல்லித் தருவது?

எட்டு, ஒன்பது வயதிலேயே தொடங்கலாம். கையை மூடி விரல் முட்டிகளை மேலே வைக்கச் சொல்லுங்கள். கழுவினால் போகும் பேனாவால் ஒவ்வொரு முட்டியைச் சுற்றியும் ஒரு வளையம், அதற்குக் கீழே பெரிய வளையம், இன்னும் கீழே நாலு முட்டியையும் சேர்த்து ஒரே கோடு என்று வரையுங்கள். இப்போது கையை விரித்தால் மலைத்தொடர் தட்டையாகி மேப் ஆகிவிடும். மீண்டும் மூடினால் மேப் மலையாகும். இரண்டு மூன்று முறை மூடித் திறந்ததும் பிள்ளையின் முகத்திலேயே தெரியும், புரிந்துவிட்டது என்று. அடுத்த வாரம் புக்கிட் தீமாவுக்குக் கூட்டிக்கொண்டு போய் அச்செடுத்த மேப்பை அவர்கள் கையில் கொடுத்து, முன்னால் நடக்க விடுங்கள். பாதையை விட்டு மட்டும் இறங்க விடாதீர்கள். இயற்கை வனப்பகுதிகளில் குறித்த பாதையில்தான் நடக்க வேண்டும் என்பது சட்டம். ராணுவப் பயிற்சிப் பகுதி எச்சரிக்கைப் பலகை இருக்கும் இடங்களை நெருங்கவே வேண்டாம்.

வழி தவறிவிட்டால் மேப்பை வைத்து என்ன செய்வது?

நில்லுங்கள். தண்ணீர் குடியுங்கள். மேப்பின் வடக்கைத் திசைகாட்டியின் வடக்கோடு சேர்த்துத் தரையில் விரியுங்கள். கடைசியாக உறுதியாகத் தெரிந்த இடம் எது, அங்கிருந்து எத்தனை நிமிடம் நடந்தீர்கள் என்று பாருங்கள். அந்த நேரத்தில் நீங்கள் போயிருக்கக்கூடிய வட்டம் அவ்வளவு பெரிதாக இருக்காது. அந்த வட்டத்துக்குள் உங்கள் காலடியில் உள்ள தரையின் வடிவத்தைத் தேடுங்கள். இடப்பக்கம் ஏறுகிறதா, நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, முகட்டில் நிற்கிறீர்களா, பள்ளத்திலா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். பாதை அழிந்து போகலாம், பலகை விழுந்து கிடக்கலாம், அதனால் சரிவையும் நீரையும் முதலில் நம்புங்கள். பொருந்தும் இடம் கிடைத்தால் வந்த வழியே தெரிந்த இடத்துக்குத் திரும்புங்கள். குறுக்கு வழி தேடி ஓடைக்குள் இறங்காதீர்கள். நம் பக்கத்து மலைகளில் ஓடை அருவியில் போய் முடியும், மழை வந்தால் நிமிடங்களில் பெருகும்.

இடம் புலப்படவில்லை, அல்லது யாருக்காவது அடிபட்டிருக்கிறது என்றால் அங்கேயே இருந்து உதவி கேளுங்கள். சிங்கப்பூரில் ஆம்புலன்சுக்கு 995, மலேசியாவில் 999. போனில் வரும் அட்சரேகை, தீர்க்கரேகையை நான்கு இலக்கம் வரை மெதுவாக, இரண்டு முறை படித்துச் சொல்லுங்கள். கூடவே முகட்டில் இருக்கிறீர்களா, ஓடையோரத்தில் இருக்கிறீர்களா, ஏறத்தாழ எத்தனை மீட்டர் உயரத்தில் என்பதையும் சொல்லுங்கள். தேடி வருகிறவர்கள் அதை வைத்துத்தான் எந்தப் பக்கமாக ஏறுவது என்று முடிவு செய்வார்கள்.